இருபக்கமும் நல்லபக்கம்: குழந்தைக்கு ஒரு துணித்தொப்பி

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் தையல் மெசின் இல்லாத வீடு குறைவு. 2009 இன் கடைசியிலும் 2010 இலும் வன்னிக்கு மீளக்குடியேறத் தொடங்கிய காலத்தில், வாழ்வாதார உதவி என்றால் கோழி, ஆடு, அதற்கடுத்தது தையல் மெசின்தான். அப்படிக் கிடைத்த மெசின்களில் பல இன்று துணி விரித்து மூடிய மேசைகளாக நிற்கின்றன. மேலே சாமிப்படம், அருகில் பிள்ளைகளின் கொப்பிகள். பெண்கள் சோம்பேறிகள் என்பதல்ல காரணம். ஒரு கிராமத்தில் இருபது பேருக்கு ஒரே நாளில் ஒரே பயிற்சி கொடுத்து, எல்லோருக்கும் சட்டையும் பாவாடையும் பாடசாலைச் சீருடையும் மட்டும் பழக்கிவிட்டால், யாருக்கு யார் தைப்பது?

நான் பல வருடங்களாகக் கிராமத்துப் பெண்களுக்குத் தையல் பழக்கி வருகிறேன். ஒரு கைமெசினோடும் சிறிது துணியோடும் தொடங்கி, கடையில் வைத்தால் கூச்சமில்லாமல் விலை சொல்லக்கூடிய பொருள் எது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, இருபக்கமும் மாற்றிப் போடக்கூடிய குழந்தைத் தொப்பி. அதை இந்த மாதம் விரிவாக எழுதுகிறேன்.

ஏன் இந்தத் தொப்பி? குழந்தை உடுப்பைக் கடைக்குக் கொண்டுபோனால் கடைக்காரர் முதலில் செய்வது அதைப் புரட்டி உள்ளே பார்ப்பதுதான். உள்ளே நூல் பிரிந்து கிடந்தால் திருப்பித் தந்துவிடுவார். இதனால் ஓவர்லொக் மெசின் இல்லாமல் தொழில் செய்ய முடியாது என்று நினைத்து, அதற்காக நுண்கடன் எடுத்துக் கிழமைக்குக் கிழமை கட்ட முடியாமல் தவித்த சகோதரிகளை எனக்குத் தெரியும். இந்தத் தொப்பிக்கு ஓவர்லொக் தேவையே இல்லை. ஒரே வடிவில் இரண்டு தொப்பி தைத்து, ஒன்றுக்குள் ஒன்றை வைத்துப் புரட்டுகிறோம். வெட்டிய விளிம்புகள் எல்லாம் இரண்டு துணிக்கும் நடுவே மறைந்துபோகும். நேர்த்தையல் மட்டும் போடுகிற பழைய கைமெசினே போதும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் வெயிலுக்கு, மறுபக்கம் பனிக்கு என்று சொல்லி இருபக்கத் தொப்பியை விற்பவர்கள் இருக்கிறார்கள். அது சரியல்ல. எந்தப் பக்கத்தை வெளியே போட்டாலும் இரண்டு துணியும் பிள்ளையின் தலையில்தான் இருக்கும், சூடும் ஒன்றுதான். மாற்றிப் போடுவதன் உண்மையான பயன் வேறு. ஒரு பக்கம் பால் கக்கிக் கறைபட்டால் வழியிலேயே மறுபக்கம் திருப்பலாம். இரண்டு சட்டைக்கு ஒரு தொப்பி போதும். எல்லாவற்றிலும் மேலாக, பிள்ளையின் மென்மையான தலையில் உரசுகிற தையல் விளிம்பு ஒன்றும் இல்லை.

ஒரு வகுப்பில் ஒரு தங்கச்சி கேட்டாள், “உள்பக்கத்தை ஆர் ரீச்சர் பாக்கப்போகினம்?” என்று. “வாங்கிற ஆள் பாக்கும். பிள்ளையின்ரை தலைக்கும் தெரியும்” என்றேன். அவள் சிரித்துவிட்டு, தைத்ததைப் பிரிக்கத் தொடங்கினாள்.

துணியை எடுக்கமுன்னர், தொப்பி யாருக்கு எப்போது தேவை என்று அறிந்திருப்பது நல்லது. பிறந்த பிள்ளையின் தோற்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தலையில் இருக்கிறது. வளர்ந்த எங்களுக்கு அது பத்தில் ஒரு பங்கிலும் குறைவு. ஆகவே தலை வழியாகப் பிள்ளையின் சூடு வேகமாக வெளியேறும். 2,500 கிராமுக்குக் குறைந்த எடையோடு பிறந்த பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். கொலம்பியா நாட்டின் பொகோற்றா நகரில் 1978 இல் தொடங்கிய கங்காரு பராமரிப்பு முறையில், பிள்ளையைத் தாயின் வெறும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவைப்பார்கள். அப்போதும் பிள்ளையின் தலையில் ஒரு தொப்பி இருக்கும்.

ஆனால் அதே காரணத்தால்தான், சுகமான பிள்ளை வீட்டுக்குள் தூங்கும்போது தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். எங்கள் வெப்பத்தில் பிள்ளை மேலதிகச் சூட்டைத் தலை வழியாகத்தான் விடுகிறது. தூக்கத்தில் தொப்பி நழுவி முகத்தை மூடலாம். நாடிக்குக் கீழே கட்டிய நாடா கழுத்தை இறுக்கலாம். ஏணையில் கிடத்தும்போது இது மிகவும் ஆபத்து, ஏனென்றால் ஏணைச் சீலை மறைப்பதால் பிள்ளையின் முகம் எங்களுக்குத் தெரியாது. எடை குறைந்த பிள்ளைக்கு மாத்திரம் வைத்தியசாலையில் சொன்னபடி செய்யுங்கள். கிளினிக்குக்குக் கொண்டுபோகும் வழியில், மார்கழிப் பனியில், பஸ்ஸின் காற்றில், முற்றத்து வெயிலில் தொப்பி போடலாம். வீட்டுக்குள் படுக்கப்போட்டதும் கழற்ற வேண்டும்.

இனித் துணிக்கு வருவோம். தையற் புத்தகங்களில் ‘பழைய பருத்திச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதியிருக்கும். பிறந்த பிள்ளைக்கு முதலில் பழந்துணிதான் சுற்ற வேண்டும் என்பது எங்கள் அம்மம்மாக்களின் வழக்கமும்கூட. பலதரம் தோய்த்த துணியின் மென்மை புதுத்துணிக்கு வராது. ஆனால் எங்கள் பெண்களிடம் பழைய சேலை ஏது? 2009 இன் முதல் மாதங்களில் வன்னியில் இருந்தவர்கள் சேலைகளை வெட்டி மண்மூட்டை தைத்தார்கள். கூறைச்சேலையும் போனது, தாயின் சேலையும் போனது. பதுங்குகுழியின் வாசலில் மண் நிரம்பிக் கிடந்த பட்டுக்கரையைப் பார்த்தவர்களுக்கு, ‘பெட்டியில் இருக்கும் பழைய சேலை’ என்ற வாக்கியம் எப்படிப் படும் என்று புத்தகம் எழுதியவருக்குத் தெரிந்திருக்காது. அதனால் நான் வகுப்பில் பழைய சேலை கொண்டுவரச் சொல்வதில்லை.

புதுத்துணி வாங்கினால் மெல்லிய பருத்தி பொப்லின் அல்லது பருத்தி வொயில் வாங்குங்கள். இரண்டு நிறம், அல்லது ஒன்று பூப்போட்டது, மற்றது வெறும் நிறம். பிளனல் எங்கள் ஊருக்குக் கூடிய சூடு, மலையகத்துக்கு விற்பதென்றால் எடுக்கலாம். கிலோக் கணக்கில் விற்கும் வெட்டுத்துண்டுகளிலும் நல்ல பருத்தி அகப்படும். அது பருத்திதானா என்று பார்க்க ஓரத்தில் நாலு நூலை உருவி நெருப்பில் பிடியுங்கள். பருத்தி கடதாசி போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பொலியெஸ்ரர் உருகிச் சுருண்டு கட்டியான மணியாகும். அப்படிக் கட்டிபட்டால் அந்தத் துணி தலையணை உறைக்குப் போகட்டும், பிள்ளையின் தலைக்கு வேண்டாம்.

எந்தத் துணியானாலும் வெட்டமுன்னர் தோய்த்துக் காயவிடுங்கள். கடைத்துணியின் பசையும் போகும், சுருங்குவதும் அப்போதே சுருங்கிவிடும். இதைச் செய்யாவிட்டால், ஒரு துணி சுருங்கி மற்றது சுருங்காமல் முதல் தோய்ப்பிலேயே தொப்பி கோணிவிடும். இருபக்கத் தொப்பிக்கு மட்டும் உரிய தொல்லை இது. கடும் சிவப்பு, கடும் நீலம் எடுத்தால் வெள்ளைத் துணியோடு சேர்த்து நனைத்து, சாயம் ஊறுகிறதா என்றும் பாருங்கள்.

மூன்று தொடக்கம் ஆறு மாதப் பிள்ளைக்கு ஏற்ற அளவைத் தருகிறேன். தையலுக்கு விடும் ஒரு சென்ரிமீற்றரும் இதில் சேர்ந்திருக்கிறது. ஒரு கடதாசியில் 15 சென்ரிமீற்றர் உயரமும் 16 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள பெட்டி ஒன்று கீறுங்கள். இடப்பக்கக் கோடு முகத்தின் பக்கம், அது நேராகவே இருக்கட்டும். கீழ்க்கோட்டில் இடமிருந்து 13 சென்ரிமீற்றரில் ஒரு புள்ளி. வலப்பக்கக் கோட்டில் கீழிருந்து 7 சென்ரிமீற்றரில் ஒரு புள்ளி. இடப்பக்க மேல் மூலையில் தொடங்கி, மேலே வளைந்து, வலப்பக்கப் புள்ளியைத் தொட்டு, அங்கிருந்து உள்ளே வளைந்து கீழ்ப்புள்ளியில் முடியும்படி ஒரு வளைவு கீறுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் பிள்ளையின் பின்தலை போலவே இருக்கும். இதுதான் பக்கத்துண்டு. ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு வேண்டும், ஒன்றை ஒன்று பார்ப்பது போல. துணியை இரண்டாக மடித்து வைத்து வெட்டினால் அப்படியே வரும்.

அடுத்தது நடுப்பட்டி. இது நெற்றியில் தொடங்கி உச்சி வழியாகப் பிடரிக்கு இறங்குவது. நீளம் 28 சென்ரிமீற்றர். நெற்றிப் பக்கம் 11 அகலம், பிடரிப் பக்கம் 8 அகலம். ஒவ்வொரு நிறத்திலும் ஒன்று. நீளம் சற்றுக் கூடுதலாகத்தான் சொல்லியிருக்கிறேன். உங்கள் வளைவும் என் வளைவும் ஒரேமாதிரி இராது, தைத்த பின் பிடரியில் மிஞ்சுவதை வெட்டிவிடலாம்.

நாடாவுக்கு 5 சென்ரிமீற்றர் அகலத்தில் இரண்டு துண்டு. நீளம் ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். நீண்ட சாட்டின் நாடா படத்துக்கு அழகு. பிள்ளைக்கு அது வழுக்கி அவிழும், வாய்க்குள் போகும், எதிலும் சிக்கும். பொத்தான், மணி, பூ ஒன்றும் வைத்துத் தைக்காதீர்கள். கழன்றால் பிள்ளையின் தொண்டைக்குத்தான் போகும். அழகு துணியின் நிறத்தில் இருக்கட்டும்.

36 அங்குல அகலத் துணியில் ஒரு நிறத்துக்கு ஒரு மீற்றராக இரண்டு மீற்றர் வாங்கினால் ஆறு தொப்பிக்குக் குறையாமல் வெட்டலாம். ஆறையும் ஒன்றாக வெட்டி வைத்துக்கொண்டு தைப்பது நேரத்தை மிச்சம்பிடிக்கும்.

தையலில் கவனம் முழுவதும் வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: நேரான பட்டியை வளைந்த பக்கத்துண்டோடு சேர்ப்பது. பட்டியின் ஓரத்தில், மேல் வளைவு வரும் பகுதியில், ஒரு விரலுக்கு ஒரு வெட்டாக அரைச் சென்ரிமீற்றர் ஆழத்துக்குச் சிறு வெட்டுகள் கொடுங்கள். அப்போது பட்டி விசிறி போல விரிந்து வளைவுக்கு இணங்கும். நல்லபக்கங்கள் இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்க வைத்து, நெற்றியிலிருந்து பிடரி நோக்கிக் குண்டூசி குத்தி வாருங்கள். பட்டி மேலே, பக்கத்துண்டு கீழே. மெல்லிய துணிக்கு 11 ஆம் இலக்க ஊசி, சற்றுத் தடித்ததற்கு 14.

செல்துண்டு பட்டுக் கை பலமிழந்த சகோதரிகளும் கால் இழந்தவர்களும் என் வகுப்புகளில் எப்போதும் இருப்பார்கள். கால் இல்லாதவருக்குக் கைமெசின் பொருந்தும். ஆனால் ஒரு கை சில்லைச் சுற்றும்போது வளைவைப் பிடிக்க மற்றக் கை ஒன்றுதான் மிஞ்சும். ஒரு கை மட்டும் வேலை செய்பவருக்குக் கால்மெசின்தான் சரி, அவருக்கும் துணியை நடத்த ஒரே கை. இருவருக்கும் நான் சொல்வது, குண்டூசியை நம்பவேண்டாம், வளைவு முழுவதையும் முதலில் நூலோடிக்கொள்ளுங்கள் என்பது. நூலோடிய துணி நழுவாது, ஒரு விரலால் தொட்டுக்கொண்டே தைக்கலாம். இடக்கை மடங்காத ஒரு அக்கா, பகலில் வீட்டு வேலைகளுக்கிடையே துண்டுகளை மேசையில் ஒரு பலகையால் அழுத்திவைத்து நூலோடி முடித்துவிடுவார், இரவில் மெசினில் ஓட்டுவார். எங்கள் வகுப்பிலேயே ஒழுங்கான வளைவு அவருடையதுதான். இரண்டு கையும் உள்ளவர்கள் அவசரத்தில் குண்டூசியோடு ஓட்டிச் சுருக்கம் விழுத்திக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு பக்கத்துண்டும் பட்டியோடு சேர்ந்ததும் ஒரு தொப்பி உருவாகிவிடும். மற்ற நிறத்திலும் அப்படியே ஒன்று. இப்போது உள்விளிம்புகளை அரைச் சென்ரிமீற்றராகக் குறைத்து, பக்கத்துண்டின் வளைவில் சிறு வெட்டுகள் கொடுத்து, ஸ்திரிக்கைப்பெட்டியால் அழுத்துங்கள். ஒரு நிறத்தில் விளிம்பைப் பட்டியின் பக்கம் சாய்த்து அழுத்துங்கள், மற்ற நிறத்தில் காதின் பக்கம் சாயுங்கள். இரண்டையும் ஒரே பக்கம் சாய்த்தால் நாலு மடிப்பு ஒரே இடத்தில் சேர்ந்து கயிறு போலத் தடிக்கும். பிள்ளை தலையைச் சாய்க்கும் இடம் அதுதான்.

நாடாத் துண்டுகளின் ஓரங்களை உள்ளே மடித்து, நடுவே ஒருதரம் மடித்து ஓரத்தில் தையுங்கள். ஒரு தொப்பியை நல்லபக்கம் வெளியே இருக்கும்படி பிடித்து, நாடிக்கு வரும் இரண்டு மூலைகளிலும் நாடாவைத் தொப்பியின் உள்நோக்கிப் படுக்கவைத்துக் குத்துங்கள். மற்றத் தொப்பியைப் புரட்டி, நல்லபக்கம் நல்லபக்கத்தைப் பார்க்க இதன்மேல் கவிழுங்கள். பிடரியில் தொடங்கி விளிம்பு முழுவதும் சுற்றித் தைத்து, தொடங்கிய இடத்துக்கு மூன்று விரல் அகலம் முன்னதாக நிறுத்துங்கள். நாடா வரும் மூலைகளில் முன்னும் பின்னுமாக மூன்றுதரம் ஓட்டுங்கள். நாடா வேறு எங்கேயாவது அகப்பட்டிருக்கிறதா என்று உள்ளே விரல் விட்டுப் பாருங்கள்.

மூலைகளைச் சாய்வாக வெட்டி, விட்ட இடைவெளியால் தொப்பியைப் புரட்டி எடுங்கள். மூலைகளைக் கூராக்கக் கத்தரிக்கோல் நுனியால் குத்தினால் துணி கிழியும். மழுங்கலாக வெட்டிய ஈர்க்கு ஒன்று போதும். இடைவெளியின் விளிம்பை உள்ளே மடித்து அழுத்திவிட்டு, தொப்பி முழுவதையும் சுற்றி விளிம்பிலிருந்து கால் சென்ரிமீற்றர் உள்ளே ஓரத்தையல் போட்டால் இடைவெளியும் மூடிவிடும்.

இந்தக் கடைசித் தையல் இருபக்கமும் கண்ணுக்குத் தெரிவது. ஆகவே மேல்நூல் மேலே வரும் துணியின் நிறத்திலும் பொபின் நூல் கீழே வரும் துணியின் நிறத்திலும் இருக்கட்டும். முதலில் இரண்டு மடிப்புக் கழிவுத்துணியில் ஓட்டிப் பாருங்கள். அடிநூல் மேலே புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல்நூல் இறுக்கம் கூட, சற்றுத் தளர்த்துங்கள். மேல்நூல் கீழே தெரிந்தால் இறுக்குங்கள். சட்டை தைக்கும்போது உள்ளே என்ன நடந்தாலும் விட்டுவிடுகிற பழக்கம் எங்களுக்கு உண்டு, இங்கே அது உடனே தெரிந்துவிடும். முன்விளிம்பை ஒரு விரல் அகலம் வெளியே மடித்துவிட்டால் மற்ற நிறம் கரை போட்டது போல வரும். வாங்க வருபவர்களுக்கு நான் அப்படி மடித்துத்தான் காட்டுவேன்.

வேறு வயதுக்குத் தைப்பதானால் தலைச்சுற்றளவைப் பாருங்கள். பிறந்த பிள்ளைக்கு ஏறக்குறைய 34, 35 சென்ரிமீற்றர். ஆறு மாதத்தில் 42, 43. ஒரு வயதில் 45, 46. ஒரு வயதுக்கு மேலே தந்த அளவில் எல்லாப் பக்கமும் ஒரு சென்ரிமீற்றர் கூட்டினால் போதும். பிறந்த பிள்ளைக்கு இரண்டு குறையுங்கள், பட்டியின் பிடரி அகலத்தை மட்டும் ஒன்றுக்கு மேல் குறைக்கவேண்டாம். எங்கள் பக்கத்தில் 31 ஆம் நாள் துடக்குக் கழிவுக்குத்தான் பிள்ளைக்குப் புது உடுப்புத் தேடுவார்கள். ஆகவே ஒரு மாத அளவில் எப்போதும் இரண்டு மூன்று தைத்து வைத்திருப்பது நல்லது.

விலைக்கு வருவோம். இதில்தான் எங்கள் பெண்கள் ஏமாறுகிறார்கள். துணிக்காசோடு ஐம்பது ரூபா கூட்டி விற்றுவிட்டு, “வீட்டிலை இருந்துதானே தைச்சனான்” என்பார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். துணி மீற்றர் 600 ரூபா என்று வைத்துக்கொண்டால் இரண்டு மீற்றர் 1,200. ஆறு தொப்பிக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 200. நூலுக்கும் ஸ்திரிக்கைக்கும் 20. வெட்டுவது தொடக்கம் அழுத்தி முடிப்பது வரை பழகியவருக்கு ஒரு தொப்பிக்கு ஒரு மணித்தியாலம் போகும். கச்சான் பிடுங்கவோ களை எடுக்கவோ போனால் எட்டு மணித்தியாலத்துக்கு 2,000 ரூபா நாட்கூலி என்று கொண்டால் மணிக்கு 250. மொத்தம் 470. இதற்குக் குறைத்துக் கடைக்குக் கொடுத்தால், உங்கள் உழைப்பில் ஒரு பங்கைக் கடைக்காரருக்குச் சும்மா கொடுக்கிறீர்கள். உங்கள் ஊர் விலைகளைப் போட்டு இதே கணக்கை நீங்களே செய்து பாருங்கள்.

கடையில் தொங்கும் பின்னல் தொப்பி இதைவிட மலிவாக இருக்கிறதே என்று கேட்பீர்கள். விலையைக் குறைக்கத்தான் வேண்டுமென்றால் துணிச்செலவைக் குறையுங்கள், கூலியைக் குறைக்காதீர்கள். ஒரு பக்கத்துக்கு நல்ல துணியும் மறுபக்கத்துக்கு வெட்டுத்துண்டுமாகத் தைத்தால் 200 ரூபா பாதியாகும். பட்டி ஒரு நிறம், பக்கங்கள் வேறு நிறம் என்று சேர்த்தால் சிறு துண்டும் வீண்போகாது, பார்ப்பதற்கும் அது ஒரு வடிவுதான். தனித்தனியே கடைக்குப் போகாமல் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே அளவில், ஒரே விலையில் கொடுப்பதும் உதவும். ஒருவர் 470 சொல்ல மற்றவர் 300 க்குக் கொடுத்துவிட்டு வந்தால் இருவருக்கும் நட்டம். எங்கள் குழுவில் இதனால் ஒருதரம் பெரிய சண்டையே வந்து, பிறகுதான் விலை எழுதிய தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டினோம்.

தொப்பியைப் பொலித்தீன் பையில் போட்டு ஒட்டிவிடாதீர்கள். வாங்குபவர் புரட்டிப் பார்க்கட்டும். கூடவே ஒரு சிறு தாளில் மூன்று விடயம் எழுதி வையுங்கள்: எத்தனை மாதப் பிள்ளைக்கு, முதல் போடமுன்னர் ஒருதரம் தோய்க்க வேண்டும், பிள்ளை தூங்கும்போது கழற்ற வேண்டும். எங்கள் குழுவில் இதை ஒரு தங்கச்சியின் மகள் கொப்பித்தாளில் எழுதித் தருகிறாள், அவளுடைய கையெழுத்து மணிமணியாக இருக்கும்.